பரணிலிருந்து அடுப்புக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அரை நாள் சுற்றினால் கை கறுத்துவிடும். பித்தளை அண்டா, வெண்கல உருளி, மர அஞ்சறைப்பெட்டி, தேன்குழல் நாழி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது பெயர் வெட்டிய இடத்தை. சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய வீட்டு விலாசம் அது. துலக்கித் துலக்கி எழுத்து தேய்ந்திருந்தால் எனக்கு மகிழ்ச்சி. அந்தப் பாத்திரம் உழைத்திருக்கிறது. அப்படி உழைத்ததை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்க மனம் வருவதில்லை.

நான் தினமும் எடுப்பது ஈயச் சொம்பு. வெள்ளீயத்தைத் தட்டித் தட்டி உருவாக்கியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சுத்தியல் பதிந்த தடங்கள் மீன் செதில்போல வரிசை கட்டும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. ஆனால் உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதனால்தான் முதலில் புளிக்கரைசல், பிறகு அடுப்பு. தீயும் ரசத்தின் மட்டத்தைத் தாண்டி மேலே ஏறக்கூடாது. ஒருநாள் தொலைபேசியில் நெடுநேரம் பேசிவிட்டு வந்து பார்த்தேன். ரசம் வற்றி, அம்மா கொடுத்த சொம்பு பர்னர்மேல் உருகி வழிந்திருந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. ஈயச் சொம்பு ரசம் ருசிப்பதற்கு இந்தக் கவனமும் ஒரு காரணம் என்பேன். பக்கத்திலேயே நிற்பதால், நுரை கட்டி விளிம்புக்கு எழும் அந்த நொடியில் இறக்கிவிடுகிறோம். தாளிப்பு மட்டும் தனிக் கரண்டியில்.

கல்சட்டிக்கு நேரெதிர் குணம். மாக்கல்லில் குடைந்த சட்டி மெல்லத்தான் சூடேறும், மெல்லத்தான் ஆறும். வத்தக்குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே நிறுத்தத் தெரிய வேண்டும். புதுச் சட்டியை வாரக்கணக்கில் சூடான வடிகஞ்சி ஊற்றிப் பழக்க வேண்டும். பழைய சட்டியில் அந்த வேலையை யாரோ ஒரு பாட்டி முடித்து வைத்திருப்பார். எண்ணெய் ஏறி ஏறிச் சாம்பல் நிறம் கறுப்பாகியிருக்கும். வாங்கும்போது விரலை மடக்கித் தட்டுங்கள். ஓசை மந்தமாக வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. சூட்டோடு இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஈயச் சொம்பு தேடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். காரீயம் கலந்த சொம்புகளும் சந்தையில் உண்டு, காரீயம் நஞ்சு. அது வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனம், வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில்போலக் கோடு விழும். சுத்தமான வெள்ளீயத்தை வளைத்தால் மெல்லிய கிறீச்சொலி கேட்கும். ஆனால் சிறு கலப்படம் கைக்கும் கண்ணுக்கும் அகப்படாது. பாட்டி வைத்துவிட்டுப் போன சொம்பே ஆனாலும், உலோகச் சோதனை செய்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.