பூசினது மாதிரியும் பூசாதது மாதிரியும்

டாம் வுல்ஃப் என்கிற நிருபர் 1963-ல் கலிஃபோர்னியாவுக்குப் போய், பழைய கார்களை வெட்டி ஒட்டிப் பளபளவென்று கலர் அடிக்கிற ஆசாமிகளைப் பார்த்துவிட்டு வந்தார். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ‘குறிப்புகளையாவது அனுப்பு, வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்கிறோம்’ என்றார்கள் ‘எஸ்கொயர்’ பத்திரிகையில். ராத்திரி முழுக்க உட்கார்ந்து குறிப்புகளை ஒரு கடிதமாக டைப் அடித்து அனுப்பினார். அவர்கள் மேலே இருந்த விளிப்பை மட்டும் வெட்டிவிட்டுக் கடிதத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். வுல்ஃப் பெரிய ஆளாகிவிட்டார். 1965-ல் அது புத்தகமாக வந்தபோது அதன் மைல் நீளத் தலைப்பில் இருந்த ‘கேண்டி’, ‘டாஞ்சரின் ஃப்ளேக்’ இரண்டுமே பெயின்ட் சமாசாரம்.

வுல்ஃப் அதைக் கலை என்றார். எனக்கும் சம்மதமே. ஆனால், பூசினதெல்லாம் கலையா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு முன் ஒரு சின்ன அறிமுகம்.

ஒரு பழைய காரை (ஃபோர்டு 1932 மாடலுக்குத் தனி மவுசு) எடுத்து, மட்கார்டைக் கழற்றிக் கடாசி, வலுவான எஞ்சினை வைத்து, உடம்பைத் தாழ்த்தினால் அது ஹாட் ராட். 1930-களில் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்க்க ஆரம்பித்த விளையாட்டு. காசில்லாத பையன்கள். எஞ்சினுக்கே கடன் வாங்கினவன் பெயின்ட்டுக்கு எங்கே போவான்? பல வண்டிகள் வெறும் ப்ரைமரோடு ஓடின. ‘வேலை இன்னும் பாக்கி இருக்கிறது’ என்பதற்கு அதுதான் அடையாளம்.

யுத்தம் முடிந்து கையில் காசு வந்ததும் கலர் வந்தது. ஜோ பெய்லன் என்ற பெயின்ட்டர் காரின் டெயில் லைட்டில் ஒளிரும் சிவப்பைப் பார்த்து மயங்கி, அதை எப்படியாவது தகட்டில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டினார். அப்படிப் பிறந்ததுதான் கேண்டி ஆப்பிள் சிவப்பு.

இதன் சூட்சுமம் எளிது, செய்வதுதான் கஷ்டம். முதலில் வெள்ளி அல்லது தங்க நிறத்தில் மினுங்கும் அடிப்பூச்சு. அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற வண்ணம், மெல்லிசாக, திரும்பத் திரும்ப. வெளிச்சம் வண்ணத்துக்குள் புகுந்து, அடியில் இருக்கும் வெள்ளியில் பட்டு, மறுபடி வண்ணம் வழியாகவே வெளியே வருகிறது. அதனால்தான் அந்தச் சிவப்பு உள்ளேயிருந்து எரிகிற மாதிரி தெரிகிறது. ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் அடர்த்தியாகும். ஸ்ப்ரே கன் பிடித்த கை ஒரு நொடி தயங்கினால் அங்கே திட்டு விழும். பிற்பாடு ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிக்கட்டுவது ஏறக்குறைய நடக்காத காரியம். கதவு முழுக்க மறுபடி அடிக்க வேண்டும். போதாக்குறைக்கு வெயிலில் வெளுக்கும்.

இதைப் பகட்டு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பகட்டுதான். ஆனால், ‘நான் அலங்காரம்’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிடுகிற பகட்டு. அதில் எனக்குப் புகார் இல்லை.

இன்னொரு கட்சி, பெயின்ட்டே வேண்டாம் என்கிறது. வெறும் தகடு. இதன் பின்னால் இருக்கும் உழைப்பைப் பாருங்கள். கூரையை வெட்டித் தாழ்த்தி வெல்டிங் வைத்தால் தகடு சூட்டில் நெளியும். நம்மூர் டிங்கரிங் கடையில் என்ன செய்வார்கள்? முடிந்தவரை தட்டிவிட்டு, மிச்சப் பள்ளத்தில் பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். அங்கேயும் இதே கதைதான். பிளாஸ்டிக் பட்டி வருவதற்கு முன்னால் ஈயக் கலவையை உருக்கி இழைத்தார்கள். அந்தக் கனத்த வண்டிகளுக்கு ‘லெட் ஸ்லெட்’, அதாவது ஈயச் சறுக்குவண்டி என்று கேலிப் பெயர்கூட உண்டு.

பெயின்ட் இல்லையென்றால் பூசி மெழுக வழியில்லை. சுத்தியல் மேலே, டாலி என்கிற இரும்புக் கட்டை அடியில், நடுவில் தகடு. தட்டி, அரத்தால் ராவி, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று விரலால் தடவிப் பார்த்து, மறுபடி தட்டி. அதிகமாக ராவினால் தகடு மெலிந்து ஓட்டையாகிவிடும். பெயின்ட் அடித்த வண்டிக்குக் கிடைக்கும் ‘ஆஹா’ பெயின்ட்டருக்குப் போகிறது. தட்டினவன் நிறத்துக்கு அடியில் புதைந்துபோகிறான். வெறும் தகட்டில்தான் அவனுடைய வேலை வெளியே தெரிகிறது.

ஒரு சிக்கல், இரும்பு துருப்பிடிக்கும். வியர்த்த விரலால் தொட்டாலே ரேகை துருவாக எழும்பிவிடும். 1981-ல் வந்த டிலோரியனும் 2023-ல் வந்த டெஸ்லா சைபர்ட்ரக்கும் பெயின்ட் இல்லாமல் நிற்பது எவர்சில்வர் உடம்பு என்பதால். 1932 ஃபோர்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, சாதா இரும்பு. சரி, நிறமில்லாத வார்னிஷாக ‘க்ளியர் கோட்’ அடித்துவிட்டால்? மழமழவென்ற இரும்பில் அது ஒழுங்காகப் பிடிக்காது. ஒரு கல் பட்டுத் துளி பெயர்ந்தால் போதும், ஈரம் உள்ளே புகுந்து, தலைமுடி மாதிரி துரு கோடு கோடாக ஓடும். ஈயம் பூசினது மாதிரியும் இருக்க வேண்டும், பூசாதது மாதிரியும் இருக்க வேண்டும் என்று நம்மூரில் சொல்வார்களே, அந்த அவஸ்தை. மெழுகோ எண்ணெயோ போட்டு விடாமல் துடைத்துக்கொண்டே இருக்கிறவனுக்குத்தான் வெறும் தகடு சரிப்படும்.

என் சண்டை மூன்றாவது கட்சியோடு. இவர்கள் துருவையே பூசுகிறார்கள். நல்ல தகட்டில் உப்புத் தண்ணீரும் வினிகரும் தெளித்துத் துருவை வரவழைத்து, அல்லது பழுப்பு பெயின்ட்டை அடுக்கடுக்காக அடித்து ஆங்காங்கே தேய்த்து, கதவில் இல்லவே இல்லாத ஒரு மெக்கானிக் ஷாப்பின் பெயரை எழுதி அதையும் பாதி அழித்துவிடுகிறார்கள். ஐம்பது வருஷம் வெயிலில் கிடந்த வண்டி ஒரே வாரத்தில் ரெடி! கீறல் பயமில்லாமல் ஓட்டலாம் என்று காரணம் சொல்கிறார்கள். நியாயம்தான். அதற்கு ப்ரைமர் போதுமே சார்? காசில்லாமல் துருவோடு ஓட்டின பையனுடைய வறுமையைக் காசு கொடுத்து அடித்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. நிஜமாகவே வெயிலில் வெளுத்த பெயின்ட்டை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தால், அந்த வண்டிக்கு ஒரு கும்பிடு.

பிள்ளையையோ பெண்ணையோ பார்க்க லாஸ் ஏஞ்சலீஸ் போகிறவர்கள், டிஸ்னிலேண்டுக்கு நடுவில் ஒரு மத்தியானம் பீட்டர்சன் கார் மியூசியத்துக்கும் போய்ப் பாருங்கள். அங்கே ஹாட் ராட் கண்ணில் பட்டால் நிறத்தை அப்புறம் ரசிக்கலாம். முதலில் பக்கவாட்டில் குனிந்து, கதவில் விழும் விளக்கின் பிரதிபலிப்பைக் கவனியுங்கள். அது எங்கேயும் நெளியாமல் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடினால், அந்த பெயின்ட்டுக்கு அடியில் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் தட்டியிருக்கிறார்.