வன்புணர்வால் நேரும் கருத்தரிப்பு: விவாதங்களில் புள்ளிவிவரப் பிழைகள்

வன்புணர்வால் எத்தனை பெண்கள் கருத்தரிக்கின்றனர் என்பது அமெரிக்கக் கருக்கலைப்பு விவாதங்களில் நெடுங்காலமாக எழும் கேள்வி. "மிக அரிது" என்று ஒரு தரப்பும் "பல்லாயிரம்" என்று மறு தரப்பும் எண்களைக் காட்டுகின்றன. அந்த எண்கள் எவ்வாறு பெறப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

"உடலே தடுக்கும்" என்ற கூற்று

2012 ஆகஸ்டில் மிசூரி மாநிலச் செனட் வேட்பாளர் டாட் ஏக்கின், உண்மையான வன்புணர்வு எனில் பெண்ணின் உடலே கருவைத் தடுக்க முயலும், ஆகவே கருத்தரிப்பு அரிது என்ற பொருளில் பேசினார். இக்கருத்தை முன்பே பரப்பியவர் மருத்துவர் ஜான் வில்க்கி. 1999இல் அவர் எழுதிய கட்டுரை, ஆண்டு வன்புணர்வு எண்ணிக்கையில் தொடங்கி, வயது, கருவுறும் நாட்கள், மலட்டுத்தன்மை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கைக் கழித்துச் செல்கிறது. இறுதியில் மன அதிர்ச்சிக்கும் ஒரு கழிவு உண்டு.

எந்த எண்ணையும் ஐந்து முறை பாதியாக்கினால் 32இல் ஒரு பங்கே மிஞ்சும். இவ்வகைக் கணக்கில் ஒவ்வொரு பங்கும் சரியென நிறுவப்பட வேண்டும். அதிர்ச்சிக்கான கழிவுக்கு அத்தகைய சான்று இல்லை. வெளிப்பட்டுவிட்ட கருமுட்டையை அதிர்ச்சி திரும்பப் பெறாது. விந்தணுவோ ஐந்து நாள் வரை உயிர்வாழக்கூடியது.

பெண்களிடமே கேட்ட ஆய்வு

1996இல் வெளியான ஹோம்ஸ் குழுவினரின் ஆய்வு, 4,008 பெண்களை மூன்றாண்டுகள் தொடர்ந்தது. 12 முதல் 45 வயதினரிடையே ஒரு வன்புணர்வுக்குக் கருத்தரிப்பு வீதம் 5% என்றும், ஆண்டுக்கு 32,101 கருத்தரிப்புகள் என்றும் அது மதிப்பிட்டது. இரண்டாவது எண் வயதுவந்த பெண்களுக்கு மட்டுமே உரியது. ஆய்வில் கண்ட 34 கருத்தரிப்புகளில் பெரும்பாலானவையோ வளரிளம் பருவத்தில் நேர்ந்தவை. எனவே 32,101ஐ முழு எண்ணிக்கையாக மேற்கோள் காட்டுவது பிழை. அந்த 34இல் 47.1% பேர் மருத்துவ உதவியே பெறவில்லை. மருத்துவமனைப் பதிவுகளை மட்டும் எண்ணுவோர் இவர்களைத் தவறவிடுவர்.

"ஒரு விழுக்காடு"

2004இல் கருக்கலைப்புக்கு வந்த 1,209 பெண்களிடம் கட்மாக்கர் நிறுவனம் நடத்திய ஆய்வில், காரணங்களுள் ஒன்றாக வன்புணர்வைக் குறிப்பிட்டோர் 1%. இதை 5%க்கு எதிராக நிறுத்துவது வழக்கம். ஆனால் இரண்டுக்கும் பகுதி எண் வேறு: ஒன்றில் கருக்கலைப்புகள், மற்றதில் வன்புணர்வுகள். ஒன்று மற்றொன்றை மறுக்காது. மேலும், அவ்வாண்டின் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 12 இலட்சம்; அதில் 1% என்பது சுமார் 12,000.

மறு தரப்பின் எண்

2024 சனவரியில் ஒரு மருத்துவ இதழ், கருக்கலைப்புத் தடை நடைமுறைக்கு வந்த 14 மாநிலங்களில் 64,565 கருத்தரிப்புகள் நேர்ந்ததாக மதிப்பிட்டது. இதுவும் எண்ணிப் பெற்ற தொகை அன்று. தேசிய ஆய்வுகளின் வீதங்களை மாநிலங்களுக்குப் பங்கிட்டுப் பெற்ற மதிப்பீடு. அதன்படி 5,19,981 வன்புணர்வுகளுக்கு வீதம் 12%க்கு மேல். ஹோம்ஸ் ஆய்வின் வீதத்தைப் போல் இரு மடங்கிற்கும் அதிகம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்தாள்வதும் முறையன்று.

மதிப்பீடு

இரு பிழைகளின் விளைவும் ஒன்றல்ல. மிகைப்படுத்தல் வாதத்தை வலுவிழக்கச் செய்யும். "உடலே தடுக்கும்" என்பதோ கருவுற்றவளையே பொய்யள் ஆக்கும். கருத்தரிப்பே இசைவுக்குச் சான்று என்ற இடைக்கால ஐரோப்பியச் சட்டக் கருத்தின் மறுவடிவம் அது. சட்டத்தில் விலக்கு வேண்டுமா என்பதை எண்ணிக்கை மட்டும் முடிவு செய்ய இயலாது. எண்ணைக் காட்டுவோர் அதன் பகுதி எண்ணையும் சேர்த்துக் காட்டுதல் வேண்டும்.