ஆறு பந்துக்கு ஒரு சொல்

நெட்ஸுக்குப் போகிறவர்கள் வேகப்பந்துக்காரனின் ஓட்டத்தைப் பார்ப்பார்கள், ஸ்டம்ப் பறப்பதைப் பார்ப்பார்கள். எனக்கு அம்பயர் இடத்தில் கைகட்டி நிற்கும் கோச்சைப் பார்க்க வேண்டும். அவர் எப்போது வாயைத் திறக்கிறார் என்பதில்தான் ருசியே இருக்கிறது.

இந்த வித்தையில் என் ஆள் டென்னிஸ் லில்லி. 70 டெஸ்டில் 355 விக்கெட் எடுத்த லில்லியை உலகமே கொண்டாடிவிட்டது. நான் சொல்வது 1987 முதல் கால் நூற்றாண்டு சென்னைக்கு வந்துபோன எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் லில்லியை. ஸ்ரீநாத், ஜாகிர் கான் என்று அங்கே பயின்றவர்களின் பட்டியலை அடுக்குவது சுலபம். வேகப்பந்து வீச ஆசைப்பட்டு வந்த டெண்டுல்கரைப் பேட்டிங்கைக் கவனிக்கச் சொன்னதும் அவர்தான். அதைவிடச் சுருக்கமான, பயனுள்ள யோசனை கிரிக்கெட்டில் உண்டா?

ஆனால் நான் மயங்குவது அவருடைய இடது கையில். பந்து வீசாத கை. பழைய படச்சுருளில் பாருங்கள்: அந்தக் கை உச்சிக்கு ஏறும், தலை அதன் பக்கவாட்டில் நின்று பேட்ஸ்மேனைப் பார்க்கும், பிறகு கை விலாவை ஒட்டி இழுபடும், வலது கை சுழலும். இது பிறவியிலேயே வாய்த்ததல்ல. 1973 மேற்கிந்தியச் சுற்றுப்பயணத்தில் அவருடைய முதுகெலும்பில் விரிசல் கண்டது. ஃபிராங்க் பைக் என்ற உடற்கல்விப் பேராசிரியரின் துணையோடு உடம்பைத் தேற்றி, ஆக்‌ஷனைச் சீர்செய்து, 1974-75 ஆஷஸில் இங்கிலாந்துக்காரர்களை அலறவைத்தார். தன்னையே பிரித்துப் பூட்டியவருக்குத்தான் எந்த ஆணியைத் தொட வேண்டும் என்று தெரியும்.

முழு வேகத்தில் ஓடிவருகிறவனின் மண்டையில் ஒரு யோசனைக்குத்தான் இடம். பாதம், இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று நான்கையும் திணித்தால் கிரீஸில் தடுக்கி விழுவான். பந்து வீசாத அந்த முன் பக்கக் கை சரியானால் தோளும் தலையும் பெரும்பாலும் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு லீக் டீமின் நெட்ஸில் இதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். பையனுக்கு இடது கை சீக்கிரமே சரிந்துவிடும். உடம்பும் அந்தப் பக்கம் சாய, பந்து லெக் சைடில் ஓடும். கோச்சாக நின்ற பெரியவர் ஆறு பந்தும் பேசவில்லை. அப்புறம், "எங்கப்பா போகுது?" என்றார். "லெக் சைடு சார்." "ஏன்?" பையன் பதில் சொல்லாமல் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த பந்து ஆஃப் ஸ்டம்ப் மேல் போனது.

"சொல்லாவிட்டால் பையனுக்கு எப்படித் தெரியும்?" என்பார் என் நண்பர். பந்துக்குப் பந்து டேப்லெட்டில் ஸ்லோ மோஷன் காட்டும் கோச்தான் அவருக்கு உசத்தி. காட்டட்டும், ஓவருக்கு ஒரு முறை காட்டட்டும். 1984இலேயே சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பயிற்சி பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் புரட்டி எழுதிவிட்டார்கள்: ஒவ்வொரு முயற்சிக்கும் விடாமல் முடிவைச் சொன்னால் பயிற்சியின்போது கை சட்டென்று தேறும், சொல்வதை நிறுத்தினால் அந்தத் தேர்ச்சி நிற்பதில்லை. மேட்சில் மிட்-ஆஃபில் கோச் நிற்கப்போவதில்லையே.

இன்றைய அகாடமிகளில் மௌனத்துக்கு மதிப்பில்லை. வேலிக்கு வெளியே செல்போனோடு பெற்றோர். உள்ளே "குட் பால்", "ஷோல்டர்", "ரிஸ்ட்" என்று ஓயாத கூச்சல். கட்டிய ஃபீஸுக்குக் குரலாவது கேட்க வேண்டும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. பையனும் பந்தை விட்ட கையோடு, அது எங்கே விழுந்தது என்று பார்க்காமல் கோச் முகத்தைப் பார்க்கிறான்.

பிள்ளையைச் சேர்க்க அகாடமி தேடுகிறவர்கள் பிட்ச்சையும் பந்து எறியும் மெஷினையும் பார்த்தது போதும். ஒரு ஓவர் நேரம் ஓரமாக நின்று, கோச் எத்தனை முறை பேசுகிறார் என்று எண்ணுங்கள். ஆறைத் தொட்டாலே வேறு இடம் பாருங்கள்.