பெண் எலியின் நினைவு

2014இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையை இங்கே ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சுசுமு டோனகாவாவின் குழு செய்த ஆய்வு அது. ஆண் சுண்டெலிக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிறார்கள். அப்போது இயங்கிய மூளைச் செல்களைப் பிறகு ஒளியால் தூண்டினால், எலி அந்தப் பக்கத்தை விட்டு விலகுகிறது. அதே செல்களைத் தூண்டியபடியே அதற்கு இன்பமான அனுபவம் ஒன்றைத் தருகிறார்கள். இப்போது தூண்டினால், எலி விலகாமல் நெருங்குகிறது. இடத்தைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் செல்களில் இந்த மாற்றம் நடந்தது. அமிக்டலா செல்களில் நடக்கவில்லை. அதாவது, ஓர் இடத்தின் நினைவையும் அதில் படிந்த உணர்ச்சியையும் ஓரளவு பிரிக்க முடியும்.

அந்த இன்பமான அனுபவம் என்ன? கூண்டுக்குள் விடப்பட்ட பெண் எலிதான். நினைவு ஆணுடையது, பெண் அதற்கு மருந்து. அந்தச் சந்திப்பு பெண் எலியின் நினைவில் அச்சமாகப் பதிந்ததா, இன்பமாகப் பதிந்ததா என்பது ஆய்வின் கேள்வியாகவே இல்லை.

திருநெல்வேலியிலிருந்து வாசிக்கும்போது எனக்கு இன்னொரு கேள்வியும் எழுகிறது. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறையிலிருந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்த ஊர்வலத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியது. மக்கள் தாமிரபரணிக்குள் துரத்தப்பட்டார்கள். 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் ஒரு குழந்தையும் உண்டு. அது ஆடி மாதம். ஆற்றுக்குப் பூவும் மஞ்சளும் கொண்டுவரும் பதினெட்டாம் பெருக்கும் அதே மாதத்தில்தான்.

தூக்கத்தைப் பறிக்கும் அச்சத்தை மருத்துவம் தணிக்குமானால் அதை நான் வரவேற்கிறேன். வலியைச் சுமப்பதே பெண்ணுக்குப் பெருமை என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் "நடந்தத மறந்துட்டு ஆகவேண்டியதப் பாரு" என்று வீட்டிலும் காவல் நிலையத்திலும் பெண்களுக்குச் சொல்லப்படுவது வேறு. அதில் நிம்மதி அடைபவர் பெரும்பாலும் சொல்பவர்தான்.

சோதனைக் கூண்டில் இரண்டே வழிகள்தான்: விலகுவது, நெருங்குவது. எலி எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே அளவுகோல். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரைக்கு வந்து ஆற்றில் மலர் தூவுகிறவர்களை அந்த அளவுகோலால் அளந்தால், அடிபட்ட இடத்தை அவர்கள் விரும்பத் தொடங்கிவிட்டார்கள் என்றுதான் முடிவு வரும். நியாயம் கேட்டு வந்து நிற்பதைக் குறித்துக்கொள்ள அதில் இடமில்லை.