மறைந்து நிற்கும் விசை

ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியை இயக்கும் மென்பொருள்களுள் 2007இல் வெளிவந்த வர்ச்சுவல்பாக்ஸும் ஒன்று. உட்கணினியின் வலைப்போக்குவரத்து முழுவதையும் கோப்பாகப் பதியும் வசதி அதில் உண்டு. அக்கோப்பை வயர்ஷார்க்கில் திறந்து ஆராயலாம். பிழை தேடுவோர்க்கு இது பெருந்துணை ஆகும்.

ஆயின், வலைக்கம்பியைப் பூட்டவும் கழற்றவும் திரையிலே கட்டம் அமைத்தவர்கள், பதிவு விசையை மட்டும் 'நிக்டிரேஸ்' என்னும் கட்டளையாகத் தட்டச்சு செய்யும்படி விட்டனர். அமைப்பில் ஒருமுறை இட்டால், நிறுத்தும்வரை அது நிலைத்திருக்கும். பதிவு நடைபெறுகிறதா என்பது, மற்றொரு கட்டளையிட்டுக் கேட்பார்க்கே புலனாகும்.

மறையாக்கம் இல்லாத கடவுச்சொல்லும் அதிற் சிக்கும் அன்றோ? எனவே தொடக்கம், நிறுத்தம், கோப்பின் இருப்பிடம் மூன்றும் கண்முன் நிற்றல் வேண்டும். விசையை மறைப்பது எளிமை ஆகாது.