ஓர் ஆண்டுத் தவணை

வட நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட்டில் தமிழர் இருவர் ஊர்க்கதை கதைக்கத் தொடங்கினால், அது சுற்றிச் சுற்றிக் காணியில்தான் வந்து நிற்கும். 1980களிலிருந்து பின்மார்க் கரையோர மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு யாழ்ப்பாணத்தில் இன்னும் பிரிபடாத ஒரு பங்கு வளவோ வயலோ இருக்கிறது. "எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல் வித்துப்போட்டினம்" என்பது அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் மனக்குறை. அந்த ஒரு சொல்லுக்குச் சட்டத்தில் நெடிய வரலாறு உண்டு.

ஒல்லாந்து ஆளுநர் சைமன்ஸ் 1706இல் கேட்டுக்கொள்ள, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தார். 12 முதலிமார் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தனர். அதன்படி, காணி விற்கும்போது முதலில் வாங்கும் உரிமை உரித்துக்காரருக்கு, பங்காளிக்கு, அந்தக் காணியை ஒற்றிக்குப் பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கு இருந்தது. ஒற்றிக்குப் பணம் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை. நிலத்தின் பலனையே வட்டியாக எடுக்கிறார். அதனால் விளைச்சல் எடுக்க விடாமல், நினைத்த நாளில் காணியை மீட்கவும் முடியாது. அந்த மண்ணில் உழைத்தவருக்கு அதை வாங்குவதிலும் முதலிடம் கொடுத்த நியாயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது தவணைக் கணக்கை. விற்கும் எண்ணத்தை அறிவித்தபின், அதே ஊரில் இருப்பவருக்கு 1 மாதம், மாகாணத்தின் வேறு ஊரில் இருப்பவருக்கு 3 மாதம், வேறு மாகாணத்தில் இருப்பவருக்கு 6 மாதம், பிறநாட்டில் இருப்பவருக்கு 1 ஆண்டு. தூரத்தை அளந்து காத்திருந்தது அந்தப் பழைய வழக்கம். ஒல்லாந்தர் இதை மாற்றி, ஊர்க் கோயிற்பற்றின் தேவாலயத்தில் அடுத்தடுத்து 3 ஞாயிறு வாசித்தால் போதும் என்றாக்கினர். வழக்கம் மெலிந்தது இங்கேதான் என்பேன். தேவாலயத்துக்கு எட்டும் தொலைவில் இருந்தவனுக்கு மட்டுமே அந்தச் சொல் கேட்டிருக்கும்.

மலபாரிலும் ஒற்றிக்காரருக்கு முன்கொள்வனவு உரிமை இருந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை வழக்கமாக ஏற்றது. தேசவழமையின் வேரைச் சட்ட அறிஞர் எச். டபிள்யூ. தம்பையா மலபாரில் தேடியதை நினைக்கையில் இந்த ஒற்றுமை சும்மா வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இஸ்லாமியரின் ஷுஃபா என்னும் முன்கொள்வனவு உரிமையைக் கேட்டு வந்தவரை அதே நீதிமன்றம் 1870இல் திருப்பி அனுப்பியது. விற்பவரின் சுதந்திரத்தைக் கட்டும் அவ்வுரிமை நீதிக்கும் நல்மனச்சாட்சிக்கும் பொருந்தாதென்றது. அலகாபாத்தில் 1885இல் நீதிபதி மஹ்மூத் வேறுவிதமாகக் கண்டார். உரியவர், வாங்கியவரிடமிருந்து காணியை மறுபடி விலைக்கு வாங்குவதில்லை. வாங்கியவர் நின்ற இடத்தில் தாம் போய் நிற்கிறார் என்றார். ஒரே பேரரசின் நீதிமன்றங்கள் ஒரே உரிமையை இப்படி இரண்டு தராசில் நிறுத்தின. என் மனம் மஹ்மூத் பக்கம்.

இலங்கையில் 1947ஆம் ஆண்டின் 59ஆம் கட்டளைச் சட்டம் தேசவழமையின் முன்கொள்வனவு உரிமையைக் கூட்டுரிமையாளருக்கும் உரித்துக்காரருக்கும் என்று சுருக்கியது. ஒற்றி பிடித்த அயலவர் பட்டியலிலிருந்து போனார்.

நாம் வாழும் நோர்வேயிலும் இதன் உறவு ஒன்று உண்டு. ஓடல் என்னும் குடும்பநில உரிமையை 1814 அரசியலமைப்பே காக்கிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரித்துச் சொல்கிறது. குடும்பப் பண்ணை வெளியாருக்குப் போனால், உறுதி பதிவாகி 6 மாதத்துக்குள் உரியவர் விலைகொடுத்து மீட்கலாம். முன்பு அந்தத் தவணை 1 ஆண்டாக இருந்தது. பின்மார்க்கில் ஓடல் பேச்சு அரிது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்குள்ள நிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு பின்மார்க் நிலவுடைமை அமைப்பின் கையில் இருக்கிறது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு முதுசம், ஒற்றி, பங்கு என்ற சொற்களுக்குப் பொருள் காட்ட அயலில் ஒரு காணி இல்லை.

இன்று யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசின் முன் கையெழுத்து வைத்த அன்றிரவே சேதி பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்துவிடுகிறது. பாய்மரக் கப்பல் ஓடிய காலத்தில் கடல் கடந்தவனுக்காக விட்டு வைத்த அந்த 1 ஆண்டுதான் அதனோடு வருவதில்லை.