பார்த்துப் போட்ட கையெழுத்தா?

எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் ‘லாங் கேஸ்’ எப்படி நடக்கும் என்பது அந்தப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். மாணவருக்கு ஒரு நோயாளியைக் காட்டிவிடுவார்கள். அவரோடு தனியாக இருந்து, கேட்டு, தொட்டு, தட்டிப் பார்த்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு தேர்வாளர் வருவார், மாணவர் ஒப்பிப்பார். வயிற்றை எப்படி அமுக்கினார், நோயாளி முகம் சுளித்தபோது கையை எடுத்தாரா என்பதற்கெல்லாம் ஒரே சாட்சி அந்த நோயாளிதான். அவரிடம் யாரும் மதிப்பெண் கேட்பதில்லை. தேர்வுக்கு வந்து வந்து பழகிய இதய நோயாளிகள் சிலர், எந்த வால்வில் கோளாறு என்பதைத் தாங்களே சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளைக் கரையேற்றிவிடுவதும் உண்டு.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான், வேலை நடக்கும் இடத்திலேயே நின்று பார்த்து மதிப்பிடும் முறை. 1975இல் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் கொண்டுவந்த ‘ஆஸ்கி’ தேர்வு, செய்து காட்டச் சொன்னது உண்மை. ஆனாலும் அது மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகரும் தேர்வு. தேர்வு என்று தெரிந்தால் எல்லோரும் கை கழுவுவார்கள். 1990இல் ஜார்ஜ் மில்லர் திறனை நான்கு படிகளாகப் பிரித்து, அன்றாட வேலையில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதை உச்சியில் வைத்தார். அந்த உச்சியை எட்டும் முயற்சிகளில் ஒன்று, 1995இல் அமெரிக்காவில் ஜான் நார்சினியும் குழுவினரும் எழுதிக் காட்டிய ‘மினி-சி.இ.எக்ஸ்.’: வார்டில் பதினைந்து இருபது நிமிடம் பக்கத்தில் நின்று பார், ஒன்பது வரை மதிப்பெண் போடு, அங்கேயே குறைநிறைகளைச் சொல். ஊசி, குழாய், தையல் போன்ற கைவேலைகளுக்குப் பிரிட்டன் ‘டாப்ஸ்’ என்ற படிவத்தைச் செய்துகொண்டது.

இந்த முறையின் பலத்தை எனக்குப் புரியவைத்தது ஆராய்ச்சிக் கட்டுரை எதுவுமில்லை. ஒரு காலை ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு, இறுதியாண்டு மாணவி ஒருவர் ரத்தம் எடுப்பதை ஓரமாக நின்று பார்த்தேன். டூர்னிகே கிடையாது, எங்கள் வார்டு வழக்கப்படி கையுறையைத்தான் கட்டினார். “பாட்டி, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்” என்றார். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. கட்டை அவிழ்த்துவிட்டு ஊசியை உருவினார், பஞ்சை அழுத்திப் பிடித்தார். ஊதா மூடிக் குப்பியை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினார். ரப்பர் கையில் தேர்வு வைத்திருந்தால் முழு மதிப்பெண்.

அப்புறம் பெயர் எழுதாத அந்தக் குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனார். அங்கே எடுத்த ரத்தமும் அதே பைக்குள் போனது. இரண்டு குப்பிகளுக்கும் நர்ஸ் மேசையில் உட்கார்ந்துதான் பெயர் எழுதினார். அன்று அந்த வார்டில் இரண்டு லட்சுமிகள் இருந்தார்கள். ரத்தப் பிரிவு மாறிப்போனால் என்ன ஆகும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா? கேட்டால் அரைப் பக்கம் எழுதுவார். தெரிந்ததற்கும் செய்ததற்கும் நடுவில் ஒரு சட்டைப்பை இருந்தது. எந்தத் தேர்வு மேசையும் அதைக் காட்டியிருக்காது. சொன்னதும் முகம் சிவந்தது. அடுத்த வாரம் பார்த்தபோது, படுக்கையருகிலேயே கேஸ் ஷீட்டைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு நல்ல முறை ஏன் சலிப்பூட்டும் சடங்காகிறது? நேரமில்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் அது பாதி உண்மை. பார்ப்பவரும் மதிப்பெண் போடுபவரும் ஒருவராக இருப்பதில்தான் மீதிச் சிக்கல். நாளை இரவு டியூட்டியில் என் யூனிட்டைத் தாங்கப்போகும் பி.ஜி. மாணவருக்கு நான் எப்படி ஒன்பதுக்கு மூன்று போடுவேன்? மூன்று போட்டால் காரணம் எழுத வேண்டும், மறுபடி கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், துறைத் தலைவருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏழு போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் உலகம் முழுக்க இந்தப் படிவங்களில் மதிப்பெண்கள் மேல்தட்டிலேயே குவிகின்றன. எந்த நோயாளி, எந்த நாள், எந்த ஆசிரியர் என்பதைப் பல இடங்களில் மாணவரே தேர்ந்தெடுக்கிறார். கடுமையான ஆசிரியரிடம் யார் படிவத்தை நீட்டுவார்கள்? திறமையில் தடுமாறும் மாணவர்தான் சாந்தமான கையெழுத்தை முதலில் தேடிப் போவார்.

பிரிட்டன் இதை அனுபவித்தே கற்றது. 2005இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் இளம் மருத்துவர்கள் ஆண்டுதோறும் இத்தனை படிவங்கள் நிரப்பியாக வேண்டும் என்று விதித்தார்கள். டிக் அடிக்கும் வேலை என்று முணுமுணுப்பு வளர்ந்தது. 2010இல் ஜான் காலின்ஸ் தலைமையிலான மறுஆய்வு, மதிப்பீட்டுச் சுமை அதிகம் என்று சொன்னது. 2012இல் புதிய பாடத்திட்டத்தில், பார்த்துச் சொல்வதைக் கற்றலுக்கான நிகழ்வாக மாற்றி, தேர்ச்சி மதிப்பீட்டிலிருந்து பிரித்தார்கள்.

2019இல் நம் நாட்டில் வந்த திறன்சார் பாடத்திட்டம் நேர்மாறாகப் போனது. குறிப்பிட்ட திறன்களை இத்தனை முறை செய்து சான்று பெற வேண்டும். அதைப் பதியும் லாக் புக் முடியாமல் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. நோக்கம் நல்லதுதான். ஆனால் கையெழுத்தில் ஹால் டிக்கெட் தொங்கும்போது, எந்த ஆசிரியர் பேனாவை மூடிவைப்பார்? கெடுவுக்கு முந்தின நாள் துறை அலுவலக மேசையில் லாக் புக்குகள் அடுக்கடுக்காக வந்து விழும். ஆறு மாத வேலைக்கு ஒரே மாலையில், ஒரே பேனாவில் கையெழுத்து. நானும் போட்டிருக்கிறேன்.

அந்தப் புத்தகத்தின் மாதிரி அட்டவணையைப் பாருங்கள். எதிர்பார்ப்புக்குக் கீழே, சரி, மேலே என்று குறிக்க ஒரு கட்டம். முடிந்தது, திரும்பச் செய் என்று குறிக்க இன்னொன்று. ‘கருத்து பெறப்பட்டது’ என்று மாணவர் கையெழுத்திடவும் ஒரு கட்டம் உண்டு. என்ன கருத்து என்று எழுதத்தான் கட்டம் கிடையாது. சட்டைப்பைக் கதையை நான் எங்கே எழுதுவது?

மயக்கவியல் பயிற்சியில் நியூசிலாந்தின் ஜெனிபர் வெல்லர் குழு வேறு கேள்வியைச் சோதித்து 2014இல் வெளியிட்டது. நன்று, மிக நன்று என்ற தராசைத் தள்ளிவைத்து, இந்த கேஸை இவரிடம் விட்டுவிட்டு மேற்பார்வையாளர் தியேட்டரை விட்டுப் போகலாமா, பக்கத்திலேயே நிற்க வேண்டுமா என்று கேட்டார்கள். நம்பகத்தன்மை நன்றாகவே கூடியது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒன்பதுக்கு எத்தனை என்று கேட்டால் தாட்சண்யம் பார்ப்போம். விட்டுவிட்டுப் போவீர்களா என்று கேட்டால் நம் நோயாளியின் முகம் ஞாபகத்துக்கு வரும். இரவு பதினொரு மணிக்கு எந்த பி.ஜி.யை நம்பி வீட்டுக்குப் போகலாம் என்பது ஒவ்வொரு அசிஸ்டென்டுக்கும் மனப்பாடம். அது எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. வார்டு நர்ஸுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவரிடமும் ஒரு படிவம் கொடுக்கலாம்.

முறையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. லாக் புக் கையெழுத்தைத் தேர்வு எழுதும் தகுதியிலிருந்து பிரித்துவிட வேண்டும். பார்த்ததை இரண்டு வரியில் எழுத ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அதுவரை, சக ஆசிரியர்களுக்கு ஒன்று: இந்த வாரம் ஒரே ஒரு மாணவர் ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். ஆறு நிமிடம்தான் ஆகும். குப்பி எந்தப் பைக்குள் போகிறது என்று பாருங்கள்.